பேய்க்கரும்பும் பர்மா அத்தோவும்

திருவொற்றியூருக்குச் செல்லும் அன்பர்கள், ஆதிபுரீஸ்வரரையும் தியாகராஜப் பெருமானையும் வடிவுடையம்மனையும் தரிசித்தபின், கடற்கரையை ஒட்டிய பட்டினத்தார் சமாதிக்கும் சென்று வணங்குவது வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர் அவர். காதறுந்த ஊசி ஒன்று உணர்த்திய நிலையாமையால், அத்தனை செல்வத்தையும் துறந்து கோவணத்தோடு வெளியேறினார். அவர் கையில் ஏந்தித் திரிந்த பேய்க்கரும்பு, சென்ற இடமெல்லாம் கசந்து, ஒற்றியூரில் மட்டும் இனித்தது என்பது தலத்தில் வழங்கிவரும் வரலாறு.

பட்டினத்தார் தாமே விரும்பித் துறந்தார். விரும்பாமலே எல்லாவற்றையும் துறக்க நேர்ந்தவர்களும் இந்தக் கடற்கரையில் வந்திறங்கியிருக்கிறார்கள். பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் அவர்கள். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள் ஒரு சாரார். 1962-ல் நே வின் தலைமையில் இராணுவ ஆட்சி வந்து, வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமை ஆனபின், கப்பலேறி வந்தவர்கள் மற்றொரு சாரார். 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐம்பது கியாத், நூறு கியாத் நோட்டுகளும் செல்லாதவை ஆயின. சேமித்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று.

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களில் பலர் வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்தனர். துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காக 1969-ல் உருவானதே பர்மா பஜார். அதன் பின்புறம் உள்ள இரண்டாம் கடற்கரைச் சாலையில், மாலை வேளைகளில் தள்ளுவண்டிகளைச் சுற்றி இன்றும் கூட்டம் நிற்கிறது. அங்கே கிடைப்பதுதான் ‘அத்தோ’. கையால் பிசைந்து கலந்த உணவுக்குப் பர்மியர் வழங்கும் சொல்லின் திரிபு அது. மஞ்சள் நிறத்து நூடுல்ஸில் மெல்லியதாக அரிந்த முட்டைகோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு காய்ச்சிய எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே கலப்பார்கள். உடன் அருந்த, கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப் தருவார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒற்றியூர் தரிசனத்துக்காக வந்து, தண்டையார்பேட்டையில் பேரன் வீட்டில் தங்கியிருந்த ஒரு முதிய தம்பதியர், ஒரு நாள் மாலை இந்தத் தெருவுக்கு வந்தனர். அழைத்து வந்தவன் பேரன். காரணம் பாட்டி. அவர் ரங்கூனில் பிறந்தவர். 1964-ல் கப்பலேறியபோது அவருக்கு வயது பதினாறு. அன்று அவருடைய தாயாரின் கழுத்தில் எஞ்சியிருந்தது மஞ்சள் கயிறு ஒன்றுதான். வீட்டில் தாயார் மீன்பொடி சேர்க்காமல் பிசைந்து தந்த அத்தோவின் ருசியைப் பற்றி, திருமணமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புகுந்த வீட்டில் அவர் வாய் திறந்ததில்லை. முதல் நாள் இரவு, பேரன் ஏதோ கேட்கப்போய்த் தற்செயலாக அது வெளிப்பட்டது.

தாத்தா நியமம் தவறாதவர். யாத்திரை நாட்களில் வீட்டுச் சமையலன்றி வேறெதையும் தொடமாட்டார். மண்ணடி நிலையத்தில் இறங்கி நடந்து வரும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியருகே வந்ததும் கடைக்காரரிடம், “தம்பி, இதில் முட்டை, கருவாடு ஏதாவது சேருமா?” என்று கேட்டார்.

“கேட்கிறவங்களுக்குச் சேர்ப்போம் ஐயா. அம்மாவுக்குக் கையை நல்லா கழுவிட்டு, வேற பாத்திரத்தில் சுத்த சைவமா பிசைஞ்சு தரேன்” என்றார் அவர்.

பாட்டி பின்வாங்கினார். “எனக்கு வேண்டாம். நீங்க சாப்பிடாத இடத்தில் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது? சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

தாத்தா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நியமம் நான் எடுத்துக்கிட்டது. அதை உன் தலையில் ஏத்தி வைக்க எனக்கு என்ன உரிமை? இத்தனை வருஷமா உங்க அம்மா கை ருசியை என்னிடம் நீ சொல்லவே இல்லையே! சாப்பிடு” என்று கூறி, அவருடைய கைத்தடியையும் பிரசாதப் பையையும் தாம் வாங்கிக்கொண்டார்.

பாட்டி ஒரு வாய் உண்டார். புளிப்பும் காரமும் நாவில் பட்டதும் கண்கள் நிறைந்தன. “எங்க அம்மா புளி இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடுவா” என்றார். கடைக்காரர் மறுபேச்சின்றி இன்னொரு கரண்டி புளிக்கரைசலை ஊற்றினார். தாத்தா கடைசி வரையில் எதையும் உண்ணவில்லை. மனைவி உண்டு முடிக்கும்வரை அருகிலேயே நின்றார்.

உணவு நியமம் என்பது தன்னைத் தானே அடக்கப் பழகும் வழி. பிறர் பசியையோ ஏக்கத்தையோ அடக்கும் கோல் அன்று. ஒற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருக்கச்சூரில் பசியால் வாடியிருந்தபோது, இறைவன் அந்தணராக ஓடேந்தி, உச்சி வெயிலில் வீடு வீடாக இரந்து வந்து அன்னமிட்டதைப் பெரியபுராணம் உரைக்கிறது. பல வீட்டு அடுப்புகளில் வெந்த சோறு அன்று ஓர் ஓட்டில் கலந்தது. அதைக் கொண்டுவந்தவன் கருதியது அடியாரின் பசி ஒன்றையே.

நகையைச் சுங்கச் சோதனையில் வாங்கிக்கொள்ளலாம். பணத்தைச் செல்லாது என்று அறிவித்துவிடலாம். கைப்பக்குவத்தை எந்தத் துறைமுகத்திலும் பறிமுதல் செய்ய இயலாது. வெறுங்கையோடு வந்தவர்கள் அந்தப் பக்குவம் ஒன்றை மூலதனமாக வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். மணம் முடித்துக் கொடுத்தார்கள். பேய்க்கரும்பு இனித்த கரைக்கு அருகே, ஓர் ஊரை இழந்தவர்களின் கசப்பும் இவ்வாறு பிறர் பசி தீர்க்கும் சுவையாக மாறியிருக்கிறது.

ஒற்றியூர் செல்லும் அன்பர்கள், அத்தோவை உண்ண விருப்பமில்லாவிட்டாலும், அந்தத் தெரு வழியே ஒருமுறை நடந்து வரலாம். வீட்டிலுள்ள முதியவர்களிடம், இளமையில் உண்டு மறந்த ருசி எது என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சொல்லாமலே சுமந்துவரும் ஊர் ஒன்று அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.