போர்த்தாத கொடி

அப்பா இறந்த அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு சண்டை நடந்தது. சொத்துச் சண்டை இல்லை, பழைய பகையும் இல்லை. ஒரு கொடிக்காக.

2023, ஐப்பசி மாதம். ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாமியானா போடும் ஆட்கள் வருவதற்கு முன்பே சித்தப்பா அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த தேசியக் கொடியை எடுத்து வந்துவிட்டார். ஃப்ரீசர் பெட்டியின் மேல் அதை விரிக்கப் போனபோது சுபேதார் மாமா குறுக்கே வந்து நின்றார். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் அவர். உறவுக்காரர் இல்லை, ஆனாலும் நான் பிறந்ததிலிருந்தே மாமாதான்.

“வேணாம்ப்பா. மடிச்சு வை.”

“இன்னா வேணாம்? பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்த மனுசன் இவரு.”

“தெரியும். ஆனா போர்த்தக் கூடாது.”

“கட்சிக்காரன் செத்தா கட்சிக் கொடி போர்த்துறான். எங்கண்ணனுக்கு நாட்டுக் கொடி கூடாதா? யாரு வந்து கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார் மாமா. “அதுக்காக செஞ்சிடலாமா?”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. வருஷம் முழுக்கக் கொடி, மரியாதை என்று ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர், கொடிக்காக வெடி புதைத்த ரோட்டில் நடந்த ஆளுக்கு ஒரு முழத் துணி தர மறுக்கிறார். இதென்ன மரியாதை?

*

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. எங்கள் ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான். மழையை நம்பிய நிலம், ஒன்றிரண்டு தோல் கம்பெனி, மிச்சமிருப்பது ஆள் எடுக்கும் கேம்ப். முதலில் போனவர் அனுப்பிய மணியார்டரைப் பார்த்து அடுத்தவர் போவார். தேசபக்தி பிறகு வந்தது என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். 1983இல் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி. அந்தப் படைப்பிரிவின் ஆட்களுக்கு ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் பெயர். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. 2000இல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தார்.

சங்கம் என்பது ஒரு அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு மர பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ, வெளியே கொடிக்கம்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சின்ன வயதில் எனக்கு அந்த இடம் அலுப்பாக இருக்கும். பத்துப் பதினைந்து நரைத்த மீசைகள் உட்கார்ந்து பென்ஷன், கேன்டீன் கார்டு, ஈசிஹெச்எஸ் ஆஸ்பத்திரி என்று பேசிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர்களுக்கு அந்தச் சங்கத்தின் மேல் இருந்த மரியாதை பெரும்பாலும் கேன்டீன் ரம்மின் மேல் இருந்த மரியாதை. விதவைகள் வந்தால் உள்ளே வரமாட்டார்கள். வாசலில் நின்று பேப்பரை நீட்டிவிட்டுப் போவார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 7 வந்தால் எனக்கு இன்னும் கூச்சம். படைவீரர் கொடி நாள். 1949இலிருந்து நடப்பது. போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஊனமுற்ற படைவீரர்களுக்கும் நிதி சேர்க்கிற நாள். அப்பா உண்டியலும் சின்னக் கொடிகளுமாகக் கடை கடையாக ஏறி இறங்குவார். என் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் “நேத்துதான் கோயிலுக்குக் குடுத்தேன்” என்று விரட்டியபோதும் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார். நான் தோழிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மற்றபடி சங்கத்தின் பெரிய வேலை கொடிதான். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் ஒரு வாரம் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். சுபேதார் மாமா தேசபக்திப் பேச்சு எதுவும் பேசமாட்டார். பிள்ளைகள் கையில் ஒரு கொடியைக் கொடுத்து மடிக்கச் சொல்வார். முதலில் கிடையாகப் பிடிக்க வேண்டும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமிருந்தும் வெள்ளையை உள்ளே மடித்துக்கொண்டு வந்தால் கடைசியில் சக்கரம் மட்டும் மேலே தெரியும், ஓரத்தில் கொஞ்சம் காவியும் பச்சையும். அதை உள்ளங்கையில் ஏந்திப் போக வேண்டும், கக்கத்தில் இடுக்கக் கூடாது. “வேகமா ஏத்தணும், மெதுவா இறக்கணும்.” இதுதான் அவருடைய மொத்தப் பாடம். கொடி விதிகளிலேயே இருக்கிற வரி அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். கிழவர்களுக்கு வேறு வேலையில்லை என்பதுதான் அன்றைய என் கருத்து.

*

2013இல் நான் கல்லூரியில் இருந்தேன். ஈழத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் போராடிய மார்ச் மாதம் அது. நானும் உட்கார்ந்தேன், கோஷம் போட்டேன், நிறையப் படித்தேன். அப்படிப் படித்ததில்தான் அமைதிப்படையும் வந்தது. 1987 ஜூலையில் ஒப்பந்தம். அக்டோபருக்குள் போர். அதே அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையால் நோயாளிகளும் டாக்டர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அப்பா அந்த வருஷம் அங்கே இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டியில் மெடல் இருந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்த அன்றே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டேன்.

“அங்க நீ என்னப்பா பண்ண?”

“மைன் எடுத்தேன்.”

“அதுமட்டும்தானா?”

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். அம்மா என்னை அடிக்க வந்தாள். அவர் தடுத்துவிட்டு, “கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான்,” என்றார். ஆனால் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த பத்து வருஷத்திலும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், நான் கேட்காமலேயே, ரோட்டோரம் வெடி தேடிக் குனிந்து நடக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவி “தம்பி, கவனம்” என்று சொன்னதைச் சொன்னார். “நம்ம பாஷைல சொன்னா பாரு,” என்றார். அதற்கு மேல் போகவில்லை.

அங்கே இறந்த இந்தியப் படைவீரர்கள் ஏறக்குறைய 1,200 பேர். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை நானும் மேடையில் கைதட்டி ஏற்றுக்கொண்டவள்தான். கப்பலிலிருந்து இறங்கியவர்களில் சுபேதார் மாமாவும் ஒருவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

*

2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி என்று அறிவித்தார்கள். போஸ்ட் ஆபீஸில் 25 ரூபாய்க்குக் கொடி. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் பாலியஸ்டர் துணியும் மெஷின் தையலும் கொடிக்கு ஆகும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். ஜூலையில் ராத்திரியிலும் பறக்கவிடலாம் என்று இன்னொரு மாற்றம். எங்கள் தெருவில் மாடி, வேப்பமரம், டிவி டிஷ், ஆட்டோ என்று எங்கும் கொடி.

ஆகஸ்ட் 20க்கு மேல் அவை கிழிய ஆரம்பித்தன. மழையில் விழுந்து சாக்கடையோரம் கிடந்தன. சங்கத்து ஆட்கள் ஆளுக்கொரு பையோடு தெருத்தெருவாகப் போனார்கள். யாரையும் திட்டவில்லை. “எறக்கிட்டீங்களாம்மா? வேணாம்னா குடுங்க” என்று வாங்கிக்கொண்டார்கள். கீழே கிடந்ததைக் குனிந்து பொறுக்கினார்கள். அப்பா ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டு வந்தார். பழுதான கொடியை யாரும் பார்க்காத இடத்தில் முழுசாக, முடிந்தால் எரித்து, அழிக்க வேண்டும் என்பது விதி.

நான் அப்போது வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிங் நடுவில் எட்டிப் பார்த்தால், அப்பா பின்கட்டில் சேறு படிந்த கொடிகளை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறார்.

“எரிக்கறதுக்கு எதுக்குப்பா தொவைக்கிற?”

அவர் நிமிரவில்லை. “பொணத்தையும் குளிப்பாட்டித்தானம்மா எடுக்குறோம்?”

மொட்டை மாடி அறையில் கதவைச் சாத்திக் கட்டில்மேல் காயப்போட்டார். மறுநாள் சங்கத்துக்குப் பின்னால், நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி எரித்தார்கள். பாலியஸ்டர் பஞ்சு மாதிரி எரியாது, சுருண்டு உருகும். கறுப்புப் புகையும் கெட்ட நாற்றமும். எரிந்து முடியும்வரை அத்தனை கிழவர்களும் அட்டென்ஷனில் நின்றார்களாம். அப்பா இருமிக்கொண்டே வந்து சொன்னார். கிழியாத ஒன்றை மட்டும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதைத்தான் மறுவருஷம் சித்தப்பா எடுத்து வந்தது.

*

வாசலில் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. மாமா பொறுமையாக விளக்கினார். பணியில் இருக்கும்போது இறந்தால் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடக்கும், அப்போது கொடி உண்டு. அரசு மரியாதை அறிவித்தாலும் உண்டு. ரிட்டையர் ஆகி வீட்டில் இறந்தால் இல்லை. தனியார் அடக்கத்தில் கொடியைப் போர்த்துவது 1971ஆம் வருஷச் சட்டத்தின்படி குற்றம். போர்த்தினாலும் சிதையில் வைக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

“அப்ப எங்கண்ணன் தனியாரா?” என்றார் சித்தப்பா. குரல் உடைந்துவிட்டது.

“ஆமாம்ப்பா,” என்றார் மாமா. “டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே. நானும் தனியார்தான். எனக்கும் போர்த்த மாட்டாங்க.”

அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். சித்தப்பா கையிலிருந்த கொடியை வாங்கினாள். அவசரத்தில் கசங்கியிருந்தது. “இன்னொருத்தி புடிங்க” என்றாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். காவியும் பச்சையும் அடியில், வெள்ளை உள்ளே, சக்கரம் மேலே. முப்பது வருஷம் பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறாள். “அவரு ஒத்துக்க மாட்டாரு கொழுந்தனாரே,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். தொப்பி, சட்டையில் மெடல்கள், ஒருவருக்குக் காலில் செருப்பு, ஒருவர் கைத்தடியோடு. இரண்டு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். மாமா அப்பாவின் மெடல்களை அவர் நெஞ்சில் வைத்தார். பாடையை முதலில் தூக்கியவர்கள் அவர்கள்தான். சுடுகாட்டில் மெடல்களைத் திரும்ப எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் ஒரு ஃபைலோடு வந்தார். ராணுவ ரெக்கார்டில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. பிறந்த தேதியும் ஒத்துவரவில்லை. நோட்டரி அஃபிடவிட், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பெங்களூர் ரெக்கார்டு ஆபீஸ், ஸ்பர்ஷ் இணையதளம் என்று ஏழு மாதம் அலைந்தார். எழுபதை நெருங்குகிறவர். பஸ்ஸில்தான் போனார். டீக்காசுகூட வாங்கவில்லை. நான் சென்னையிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பியதுதான் என் பங்கு.

குடும்ப பென்ஷன் முதல் மாதம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்று அவரிடம் கேட்டேன். “அன்னிக்கு ஏன் மாமா அவ்ளோ கறாரா இருந்தீங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஹார்பர்ல வந்து எறங்கினோம்ல பாப்பா. பாதி ஜனம் எங்கள துரோகின்னான். அப்புறம் வேற சிலபேரு மேடையில ஏத்தி மாலை போட்டான். ரெண்டு பேருக்குமே அங்க என்ன நடந்துச்சுன்னு கேக்கத் தோணல. கொடியப் போர்த்திட்டா அப்புறம் யாரும் உள்ள பாக்க மாட்டாங்க. உங்கப்பன் அதுக்குத்தான் பயந்தான். நீ கேட்டியே ஒரு தடவ, அத எங்கிட்ட சொல்லிருக்கான். ‘எம் பொண்ணு கேட்டுச்சு, எங்கிட்ட பதில் இல்ல’ன்னான்.”

நான் பேசவில்லை. கொடியை வணங்குவதென்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமலும் அதை வணங்கலாம் என்பதற்கு என் வீட்டிலேயே ஒருவர் இருந்திருக்கிறார். அவர் சொல்லாமல் போன பதில் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. நல்ல பதிலாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை.

*

2024 ஆகஸ்ட் 15க்கு ஊரில் இருந்தேன். அம்மா சங்கத்துக்குள் போய் மர பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்னும் மூன்று விதவைகள் உடன் வந்திருந்தார்கள். லைஃப் சர்டிஃபிகேட் வேலையை இனி நான் பார்த்துத் தருகிறேன், அவர்கள் உள்ளே உட்காரட்டும் என்று மாமாவிடம் பேரம் பேசியிருந்தேன். “அது முன்னாடியே செஞ்சிருக்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடி இறக்க வந்தார்கள். “இப்பதான் ராத்திரியும் விடலாமே மாமா?” என்றேன்.

“விடலாம்னுதான் சொல்றான். எறக்கக் கூடாதுன்னு சொல்லலியே,” என்றவர், கயிற்றை என் கையில் கொடுத்தார். அது வழக்கமாக அப்பா பிடிக்கிற கயிறு.

எனக்குக் கை பதறியது. கொடி சரசரவென்று ஒரு அடி இறங்கிவிட்டது.

“மெதுவா,” என்றார் மாமா. “மெதுவா பாப்பா.”