அடுப்புப் புகையும் குழந்தையின் மூளையும்

ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டின் காற்றைப் புகழாதார் இலர். சமவெளியினின்று செல்லும் நமக்கு அஃது அமிழ்தமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயின், அங்கு விடியலில் கூரைகளின்வழிப் புகை கசிந்தெழக் கண்டிருக்கிறேன். அப்புகை கூரையை அடையுமுன், அடுப்பருகே இருக்கும் தாயின் நெஞ்சையும் அவள் மடியிலுள்ள மகவின் நெஞ்சையும் கடந்தே செல்கிறது.

புகை கண்ணைக் கெடுக்கும் என்பது யாவரும் அறிந்தது. மூளையையும் தாக்கும் என்பதைப் பலர் அறியார். விறகுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு, குருதியில் பிராணவாயுவுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளும். அதனால் கருவில் வளரும் மூளைக்குப் பிராணவாயு குறையும். குவாத்தமாலா நாட்டு மலைக்குடிகளிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்தில் இவ்வாயுவை மிகுதியாக ஏற்ற தாயரின் பிள்ளைகள், ஆறேழு வயதில் நினைவாற்றல் முதலிய சோதனைகளிற் பின்தங்கினர் என்பது அதன் முடிவு. ஆராயப்பட்ட பிள்ளைகள் சிலரேயாயினும், அம்முடிவு நம்மைச் சிந்திக்கச் செய்வதாம்.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்டிர்க்கு எரிவாயு இணைப்பு அளித்தது. எனினும் உருளை தீருந்தோறும் பணம் வேண்டும். விறகோ காட்டில் விலையின்றிக் கிடைக்கும். ஆதலின் பழைய அடுப்பு எளிதில் அணையாது.

மலைப்பிள்ளை பாடத்திற் பின்தங்கின், 'மந்தபுத்தி' எனத் தீர்ப்புக்கூற உலகம் விரைகின்றது. நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். அத்தீர்ப்பை உரைக்குமுன், அவன் வீட்டில் புகைபோக்கி உண்டோ என வினவுவோமாக. இல்லையேல், அதனை அமைக்கத் துணைநிற்போமாக.