பதினாறு கண் பாலத்தில் ஒரு லஸ்கர்

மேட்டூர் அணை நிரம்பி வழிவதைப் பார்த்திருக்கிறீர்களா? 120 அடி தொட்டதும் உபரித் தண்ணீரைப் பதினாறு கண் பாலம் வழியாகத் திறந்துவிடுவார்கள். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி இறங்கும். சேலம், நாமக்கல் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ஒரு கையில் வறுத்த மீனும் இன்னொரு கையில் செல்போனுமாகப் படம் எடுப்பார்கள். படத்தில் நுரை பிரமாதமாக இருக்கும். முகம் மட்டும் கரிக்கட்டையாக விழும். காமிரா பாவம், அத்தனை வெள்ளையைப் பார்த்து மிரண்டுபோய் மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும்.

அப்படி ஒரு படத்தால்தான் எனக்கு மானம் போனது. சொல்கிறேன்.

மேட்டூரில் என் அக்கா மகன் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ, பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவது. பழைய மானிட்டர் கண்ணை மூடியதும் போன் செய்தான்.

“மாமா, எடிட்டிங்குக்குன்னே ஒண்ணு வருது. கேமிங் மானிட்டர் அதுல பாதி விலைதான். எதை வாங்கட்டும்?”

பின்னாலிருந்து அவன் மகனின் குரல். ஒன்பதாம் வகுப்பு. “தாத்தா, கேமிங்னு சொல்லுங்க!”

கம்ப்யூட்டர் சமாசாரம் தெரிந்தவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆபத்தான பெயர். விளக்க ஆரம்பித்தேன். கேமிங் மானிட்டர் வேகத்துக்காகப் பிறந்தது. சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றினால் இது 144, 165 என்று மாற்றும். எதிரி ஓடினால் இழுவாமல் தெரியும். கல்யாணப் பெண் ஆல்பத்தில் ஓடப்போவதில்லை. எடிட்டிங் மானிட்டர் நிறத்துக்காகப் பிறந்தது. தொழிற்சாலையிலேயே அளந்து, நிறப் பிழை இவ்வளவுதான் என்று சான்று வைத்து அனுப்புவார்கள். அந்தப் பிழைக்கு டெல்டா ஈ என்று பெயர். 2-க்குக் கீழே இருந்தால் நம் கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபடாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே பேசினேன். முன்பெல்லாம் மலிவு கேமிங் திரை என்றால் டிஎன் ரகம்தான். நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே அரக்குப் பட்டு வேறு ஏதோ நிறமாகிவிடும். பலவும் 6 பிட். சொந்தமாக 2,62,144 நிறங்கள்தான், மிச்சத்தை மினுக்கி ஒப்பேற்றும். 8 பிட்டில் அதுவே 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். இப்போது மலிவு கேமிங் திரைகளிலும் ஐபிஎஸ் வந்துவிட்டது. போட்டோ லேப்கள் பெரும்பாலும் கேட்பது எஸ்ஆர்ஜிபி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த நிற அளவு. அதை இந்தத் திரைகளில் பல ஏறக்குறைய முழுசாகவே காட்டுகின்றன. “அப்புறம் எதுக்கு இரட்டை விலை? கேமிங்கே வாங்கு” என்றேன்.

பையன் விசிலடித்தது எனக்குக் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து நான் மேட்டூர் போயிருந்தபோது ஒரு பாட்டி ஸ்டூடியோவுக்குள் வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய படம். அவருடைய கணவர் அணையில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை. பதினாறு கண் பாலத்தில் தண்ணீர் போகும்போது யாரோ எடுத்த பழைய படம்தான் அவருடைய ஒரே நல்ல படம். அதைப் பெரிதாக்கிக் கேட்டிருந்தார். மூன்று நாளில் தெவசம்.

பாட்டி சத்தம் போடவில்லை. படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்டுக்காரர் கறுப்புதான் தம்பி. ஆனா மூஞ்சியே இல்லாம இருந்ததில்ல.”

திரையில் பார்த்தால் மீசை, மூக்கு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அச்சில் நுரைக்கு முன்னால் ஒரு நிழல். “லேப்காரன் சொதப்பிட்டான் மாமா” என்றான் மருமகன். நானும் தலையாட்டினேன்.

டியூஷன் முடிந்து வந்த பையன் மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். “அப்பா, இது என்னோட கேம் மோடுல இருக்கு.”

இருட்டில் பதுங்கியிருக்கும் எதிரி தெரிய வேண்டும் என்பதற்காக அந்த மோட், கறுப்பையெல்லாம் தூக்கிக் காட்டும். ராத்திரி விளையாடிவிட்டு அப்படியே விட்டிருக்கிறான். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினான். லஸ்கரின் முகம் எங்கள் கண்ணெதிரே, அச்சில் இருந்தது போலவே இருண்டது. லேப்காரர் நிரபராதி. போதாக்குறைக்கு வெளிச்சத்தையும் நூறு சதவிகிதம் வைத்திருந்தான். அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும் என்பார்கள். டியூப்லைட் மாதிரி எரிகிற திரையில் சரிசெய்த எந்தப் படமும் காகிதத்தில் இருட்டாகத்தான் வரும்.

இது பையன் தப்பா? இல்லை, என் தப்பு. வாங்கச் சொன்னேனே தவிர, வாங்கியபின் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே திரையை அப்பனும் மகனும் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. கையில் காசு குறைவென்றால் நீங்களும் ஐபிஎஸ் கேமிங் திரை வாங்கலாம், தப்பில்லை. எஸ்ஆர்ஜிபி மோடில் போடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். அடுத்தவர் முகத்தை வைத்துச் சோறு தின்கிறவர் என்றால் எடிட்டிங் மானிட்டரே வாங்கிவிடுங்கள். மருமகனும் தவணையில் வாங்கிவிட்டான். ஸ்டூடியோவின் பளீர் ரோஸ் சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ரோஸ் சுவரைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தால் கண்ணே கணக்குத் தப்பிவிடும்.

அன்றைக்குப் பாட்டியைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் முகத்தை மீட்டான். இவனுக்குக் கல்யாண ஆல்பப் பழக்கம். யாராக இருந்தாலும் தோலை வெளுத்துவிடுவான். “அவ்ளோ வேணாம் தம்பி, அது வேற யாரோ” என்று பாட்டி இரண்டு தடவை தடுத்தார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதான்” என்றார்.

சேலம் லேபுக்கு ஃபைல் போய், மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் பிரிண்ட் வந்தது. பாட்டி அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“மீசை சரி. மூக்கு சரி. சட்டைதான் இவ்ளோ வெள்ளையா இருந்ததே இல்ல. எப்பவும் கிரீஸ் கறை இருக்கும்.”

“நான்தான் பாட்டி அழிச்சேன். திரும்பப் போட்டுரட்டுமா?”

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். “வேணாம். தெவசத்துக்குத்தானே. ஒரு நாளாவது நல்ல சட்டை போட்டுக்கட்டும்.”