காருக்கும் நிலைவாசல் உண்டு

வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டு நிலைவாசலைத் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைக்கிறோம். ஆயுத பூசையன்று காருக்கும் சந்தனம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. ஆனால், காரின் நிலைவாசலை யார் பார்க்கிறோம்? கதவைத் திறந்ததும் தெரியும் இரும்புச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். கீல், பூட்டு மாட்டும் கொக்கி, ரப்பர் விளிம்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கார் கழுவும் கடையில் வெளியே நுரை போடுவார்கள், உள்ளே தூசி உறிஞ்சுவார்கள். இந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஈரத்துணியால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான்.

எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது அம்மாவின் உள்ளங்கை. காலை நேர வானொலி நிகழ்ச்சிக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டிய வேலை என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மைவி வாங்கினேன். விற்றவர் வெளிப்புறத்தைக் கண்ணாடி போல மெருகேற்றிக் கொடுத்திருந்தார். அந்த வாரமே அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கதவுச் சட்டத்தைப் பிடித்துத்தான் எழுவார். இறங்கியபோது கையெல்லாம் கறுப்பு மசி; சேலைக் கொசுவத்திலும் ஒரு தீற்றல். "பரவாயில்ல, விடும்மா" என்றார்.

அடுத்த முறை அம்மா சட்டத்தைத் தொடவில்லை. சேலை கெட்டுவிடும் என்று கதவைப் பிடித்து எழுந்தார். கதவு நகர, அம்மாவும் கூடவே சாய்ந்தார். பக்கத்தில் நின்றதால் தாங்கிப் பிடித்தேன். நான் இல்லாத நேரமாக இருந்தால்? அன்று மாலையே வாளியும் துணியுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கீலிலும் பூட்டிலும் இருக்கும் கிரீஸ் ஒட்டும் தன்மை கொண்டது. சாலைத் தூசி, மணல் எல்லாவற்றையும் பிடித்து வைத்து, நாளடைவில் கெட்டியான மசியாகிவிடும். மணல் கலந்த கிரீஸ் உப்புத்தாளைப் போலக் கீலைத் தேய்க்கும். கதவைத் திறக்கும்போது 'க்ரீச்' என்று கேட்டால், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒலிவாங்கி முன் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தச் சத்தம் காதில் குத்தும் முள்.

வேலை கடினமில்லை. காரை நிழலில் நிறுத்துங்கள். முதலில் காய்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுங்கள். மண்ணோடு சேர்த்துத் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும். பிறகு பெயிண்டுக்குக் கேடு செய்யாத டிகிரீசரை, பாட்டிலில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து, துணியில் தெளித்துத் துடையுங்கள். கீலின் இடுக்குக்குப் பழைய பல் துலக்கி போதும். மருந்து காய்வதற்குள் ஈரத்துணியால் எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

இரண்டு காரியங்கள் வேண்டாம். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுபோல மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ரப்பர் விளிம்பு உப்பிக் கெட்டுவிடும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தையும் காட்டாதீர்கள். கதவுக்குள் போகும் மின்கம்பி இணைப்புகளில் நீர் ஏறும்.

சுத்தம் செய்தபின் கீலை வெறுமனே விடக்கூடாது. வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகப் போட்டு, கதவை ஐந்தாறு முறை திறந்து மூடி, பிதுங்கி வருவதைத் துடைத்துவிடுங்கள். சேலையில் ஒட்டுவது அந்த மிச்சம்தான்.

அப்படியே குனிந்து கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவை சேற்றில் அடைபட்டால், தண்ணீர் உள்ளேயே நின்று இரும்பைத் தின்னும். மேல் பெயிண்ட் கொப்புளிக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். கம்பி விட்டால் பூச்சு உரிந்துவிடும். சாத்தே குச்சி ஒன்று போதும். என் மைவியின் இடப்பக்கக் கதவிலிருந்து ஒரு குவளை அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

நான்கு கதவு, பின்கதவு எல்லாவற்றுக்கும் முதல் முறை இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். அம்மா மறுபடியும் சட்டத்தைப் பிடித்தே இறங்குகிறார். என் கையை எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிறு மழை இல்லையென்றால், நீங்களும் ஒரு துணியை எடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் உட்காரும் பக்கத்துக் கதவிலிருந்து தொடங்குங்கள்.