கூட வந்த கல்

ஒரே வண்டியில் வந்து இறங்கியவர் எல்லாரும் ஒரே ஊரார் ஆகிவிடுவதில்லை. மனிதர்க்கு மட்டும் அன்று. கல்லுக்கும் இது பொருந்தும்.

குஜராத்தின் கச்சுப் பகுதியில், புஜ் நகரைச் சூழ்ந்த சில குன்றுகளில், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையை உடைத்தால் உள்ளே பச்சைக் கல்துண்டுகள் தென்படும். அத்தகைய துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அதன் நிறத்தைவிடக் கனமே என்னைச் சிந்திக்க வைத்தது. சுற்றியுள்ள பாறையைவிட அது கனமானது. அப்படியானால் குழம்பில் மூழ்கிப் போயிருக்க வேண்டுமே! மேலே வந்தது எவ்வாறு?

கல் மூழ்கும் வேகத்தைவிடக் குழம்பு ஏறிய வேகம் மிகுதி, அதுவே விடை. வழியில் நெடுங்காலம் தங்கியிருந்தால் குழம்பு கல்லை இறக்கிவிட்டிருக்கும். ஆகவே சில மணி நேரத்தில், அல்லது சில நாட்களில், அது மேலே பாய்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

இக்கற்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சோவியத் நாட்டின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளை 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. கண்டங்களின் மேலோடோ சராசரியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடிப்பு உடையது. அதன் அடியிலுள்ள கவசத்தை நம் துளைகள் எட்டவில்லை. அங்கிருந்து வரும் தூதர் இக்கற்களே.

ஆனால் வந்தவர் எல்லாரும் தூதர்தாமா? ஹவாயில் ஹுவாலாலை எரிமலை 1800-1801-இல் கக்கிய குழம்பிலும் இத்தகைய கற்கள் ஏராளம். ஆராய்ந்தால், அவற்றுட் பெரும்பாலானவை அதே எரிமலையின் முந்திய குழம்புகளிலிருந்து படிகமாகி அடியில் தங்கியவை. குழம்புக்கு அவை உறவு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் கதை வேறு. அங்கே குழம்பு எழுந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அது சுமந்து வந்த கவசத் துண்டுகள் பலவற்றின் வயதோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டு! 'அந்நியக் கல்' என்று பொருள்படும் 'ஜெனோலித்' என்னும் சொல்லை 1894-இல் சோலாஸ் என்னும் அறிஞர் வழங்கினார். கிம்பர்லிக் கற்களுக்கு அது முற்றும் பொருந்தும்.

வந்த ஆழத்தையும் கல்லே சொல்லும். கவசத்தின் மேற்பகுதியில் உருவானதில் ஸ்பைனல் என்னும் கனிமம் இருக்கும். அழுத்தம் மிகுந்த ஆழத்தில் அதன் இடத்தைக் கார்னெட் பிடித்துக்கொள்ளும். கச்சுக் கற்களில் காண்பது ஸ்பைனல். கிம்பர்லியிலிருந்து கார்னெட் உடைய கற்கள் பல கிடைத்துள்ளன.

தென்னாட்டார் எல்லாரையும் 'மதராசி' என்று ஒரே சொல்லால் அழைப்பவரை நாம் அறிவோம். முகத்தைப் பார்த்து ஊரைச் சொல்லும் அவசரம் அது. பச்சை நிறம் கண்டவுடன் 'கவசம்' என்று எழுதிவிடுவதும் அதே அவசரந்தான். அப்படி எழுதினால், ஓர் எரிமலையின் அடிவண்டலைப் பூமியின் உள்ளமைப்பு என்று கற்பித்துவிடுவோம். கல் பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.