இரண்டும் இலண்டன்தானே!

"இரண்டும் இலண்டன்தானே, ஹஸ்ரத்! நடுவில் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது. ஆறுதலாகப் போகலாம்."

கொழும்பில் டிக்கட் எடுத்துத் தந்தவர் இப்படித்தான் சொன்னார். நான் காலை 7 மணிக்கு ஹீத்ரோவில் இறங்கி, பகல் 12 மணிக்கு கட்விக்கில் ஸ்பெயினின் மாலகாவுக்கு விமானம் ஏற வேண்டும். மறுநாள் காலை கிரனடாவில் அல்ஹம்ராவைப் பார்க்க, நேரம் குறித்த அனுமதிச்சீட்டும் கையில் இருந்தது. அந்தலூஸ் வரலாற்றைப் பல வருடங்களாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்த மாளிகையைக் கண்ணால் காண எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஹீத்ரோ இலண்டனுக்கு மேற்கே இருக்கிறது. கட்விக் நகருக்குத் தெற்கே, சசெக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. பறவை பறக்கும் தூரம் சுமார் 40 கிலோமீற்றர். வீதியால் போனால் சுமார் 65 கிலோமீற்றர். ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்கு மாற, குடிவரவுப் பிரிவைக் கடந்து நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். நமது கடவுச்சீட்டுக்கு அதற்கென விசாவும் வேண்டும். விசா என்னிடம் இருந்தது. நேரம்தான் இருக்கவில்லை.

வரிசையில் நின்று, பயணப் பொதியை எடுத்து வெளியே வரும்போது மணி 8.45. அங்கு வசிக்கும் மச்சான் என்னை அழைத்துப் போய் பஸ்ஸில் ஏற்றி, தானும் கூட வந்தார். வழமையாக ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும் பயணம் அது. இலண்டனைச் சுற்றிச் செல்லும் எம் 25 நெடுஞ்சாலையில் அன்று ஏதோ விபத்து. வாகனங்கள் அசையாமல் நின்றன.

"ஒரு காலத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் ஹெலிகொப்டர் ஓடியது. கால் மணித்தியாலத்தில் போய்விடலாமாம்" என்றார் மச்சான்.

உண்மைதான். 1978 முதல் 1986 வரை அந்தச் சேவை நடந்தது. இரைச்சல் தாங்காத ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். எம் 25 வீதி முழுமை பெறுகிறது, இனி அதுவே போதும் என்று 1986 இல் சேவை நிறுத்தப்பட்டது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அதே வீதியில்தான்! இரண்டு நிலையங்களுக்கும் இடையே நேரடிப் புகையிரதம் இன்றும் இல்லை. 2022 இல் திறந்த எலிசபெத் பாதையில் ஃபாரிங்டன் வரை சென்று, அங்கு வேறு வண்டிக்கு மாற வேண்டும்.

கட்விக்கை அடைந்தபோது மணி 11.25. விமானம் நின்றது. ஆனால் பொதி ஏற்கும் கருமபீடத்தை மூடிவிட்டார்கள்.

மறுநாள் மாலை விமானத்துக்குப் புதிய டிக்கட் எடுத்தேன். கிரனடா போய்ச் சேர்ந்தபோது அனுமதிச்சீட்டின் நேரம் கடந்திருந்தது. வேறு சீட்டும் கிடைக்கவில்லை. எதிர்க்குன்றில் நின்று மாளிகையின் செந்நிற மதில்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நமது கிதாபுகளில் பிரயாணத் தூரத்தை 'மர்ஹலா' என்று அளப்பார்கள். சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் வழி அது. தூரத்தைக் காலத்தால் அளந்தார்கள். வகுப்பில் எத்தனையோ தடவை இதைப் படித்துக் கொடுத்திருக்கிறேன். டிக்கட்டைக் கையில் வாங்கிய அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வெளிநாட்டில் விமான நிலையம் மாற நேர்ந்தால் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காதீர்கள். எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். கேட்டபின் அதை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.