அப்பியா சாலையில் ஒரு மருமகள்

ரோம் நகரின் தெற்கு மதிலில் இருக்கும் சான் செபாஸ்டியானோ வாசலைத் தாண்டி நீள்கிறது அப்பியா சாலை. கி.மு. 312-ல் போடத் தொடங்கிய சாலை. 2024-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. ஆனால், ஆரம்பத்தில் அப்படியொன்றும் ரசிக்கும்படி இருக்காது. இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள், நடுவில் விரையும் கார்கள். ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

பொறுமையாக நடந்தால், பாதாளக் கல்லறைகளுக்குப் பேர்போன செபாஸ்டியன் தேவாலயத்துக்கு அப்பால் சாலை மேடேறும். மேட்டின் மேல் வட்டமான, பிரமாண்டமான கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. சுமார் 30 மீட்டர் விட்டம். தலையில் கோட்டை மதில் போலப் பல் பல்லாகச் செங்கல் சுவர். ஏதோ ராஜாவின் கோட்டை என்றுதான் தோன்றும். அது ஒரு பெண்ணின் கல்லறை. அவர் பெயர் சிசிலியா மெடெல்லா.

ஊருக்குள் யாரையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியர்களின் பழைய சட்டம். அதனால் வசதியான குடும்பங்கள் ஊருக்கு வெளியே, சாலையோரமாகக் கல்லறை கட்டின. போகிற வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே! அந்தப் போட்டியில் ஜெயித்தது சிசிலியாவின் கல்லறைதான்.

சாலையைப் பார்த்தபடி பளிங்குப் பலகை ஒன்று பதித்திருக்கிறது. அதில் உள்ளது இவ்வளவுதான்: சிசிலியா மெடெல்லா, குயின்டஸ் கிரெடிகஸின் மகள், க்ராஸஸுடையவள். ‘மனைவி’ என்ற சொல்கூடக் கிடையாது. பிறந்த ஆண்டு, இறந்த வயது, நல்லவர், வல்லவர் என்று ஒரு வரி... எதுவுமே இல்லை. இந்தப் பலகைக்கு வெளியே அவரைப் பற்றி எந்தச் சரித்திர நூலும் பேசவில்லை.

அந்தப் பெயராவது அவருக்கென்று வைத்ததா? அதுவும் இல்லை. ரோமில் ஆண் பிள்ளைக்குத் தனிப்பெயர் உண்டு. பெண்ணுக்குக் குடும்பப் பெயரே பெயர். சிசிலியஸ் மெடெல்லஸ் வீட்டுப் பெண் என்றால் சிசிலியா மெடெல்லா. இரண்டு பெண்கள் இருந்தால் பெரியவள், சின்னவள். அவ்வளவுதான் வித்தியாசம். ரோம் சரித்திரத்தைப் புரட்டினால் இதே பெயரில் பலர் வருகிறார்கள். சர்வாதிகாரி சுல்லாவின் மனைவியும் ஒரு சிசிலியா மெடெல்லாதான்!

ஆகவே, இவரைத் தெரிந்துகொள்ள உறவுக்காரர்களைத்தான் பிடிக்க வேண்டும். அப்பா, கி.மு. 69-ல் ரோமின் உச்சப் பதவியான கான்சல் ஆனவர். க்ரீட் தீவை வென்றதால் ‘கிரெடிகஸ்’ என்ற பட்டம் பெற்றார். கணவர் மார்க்கஸ் க்ராஸஸ், ஜூலியஸ் சீசரின் படையில் அதிகாரியாக இன்றைய பிரான்ஸ் மண்ணில் போரிட்டவர். மாமனாரோ ரோமின் பெரும் பணக்காரர் க்ராஸஸ். சீசர், பாம்பே இருவருடனும் கைகோத்து அரசியலை ஆட்டிவைத்தவர். அவருடைய இன்னொரு மகன் பூப்லியஸுக்கும் மெடெல்லஸ் குடும்பத்துப் பெண்ணையே எடுத்தார்கள். ஒரு பக்கம் பரம்பரைப் பெருமை, இன்னொரு பக்கம் பெட்டி பெட்டியாகப் பணம். இதில் அரசியல் கணக்கு இல்லை என்றால் நம்புவது கஷ்டம்.

அந்த மாமனாருக்கும் இந்தச் சாலைக்கும் ஒரு பயங்கரமான தொடர்பு உண்டு. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியை அடக்கியவர் அவர்தான். பிடிபட்ட 6,000 பேரை காபுவா முதல் ரோம் வரை, இதே அப்பியா சாலை நெடுக, சிலுவையில் அறைந்தார். அந்த 6,000 பேரில் ஒருவருக்கும் இங்கே கல் இல்லை. கி.மு. 53-ல் பார்த்தியர்களோடு போரிடப் போய், மகன் பூப்லியஸோடு மாமனாரும் மாண்டார்.

கல்லறை எழுந்தது சில பத்தாண்டுகள் கழித்து. கி.மு. 30-ல் கான்சலான இன்னொரு மார்க்கஸ் க்ராஸஸ், சிசிலியாவின் மகன் என்று கருதப்படுகிறார். எதிரி அரசனைத் தன் கையாலேயே கொன்ற தளபதி. அதற்குரிய மிக உயர்ந்த மரியாதை அவருக்குக் கிடைக்காமல் போனது, அகஸ்டஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவின் கல்லறையில் போர் வெற்றிச் சின்னமும் கேடயங்களும் எதற்கு என்ற கேள்விக்கு, இந்தக் குடும்பக் கதையில்தான் பதில் தேட வேண்டும்.

கட்டடம் 2,000 ஆண்டுகளாக நிற்பதற்கும் காரணம் உண்டு. அதன் சாந்தில் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மழைநீர், சாம்பலில் உள்ள பொட்டாசியத்தைக் கரைத்துச் சாந்தை மேலும் இறுக்கியிருக்கிறது என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நீர் பட்டால் கெட்டுப்போகும் நம் காலத்துக் கட்டடங்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

அடிப்பகுதியில் போர்த்தியிருந்த கற்களைப் பிற்காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 14-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், போப் எட்டாம் போனிஃபேஸின் உறவினர்களான கயெத்தானி குடும்பம் இதை வளைத்துப்போட்டது. பக்கத்தில் அரண்மனை கட்டி, கல்லறையைக் காவல் கோபுரமாக்கி, சாலையில் சுங்கம் வசூலித்தது. உச்சியில் தெரியும் பல் மதில் அவர்கள் வைத்ததுதான். ஊர் ஜனங்களோ, கல்லறையைச் சுற்றிச் செதுக்கிய மாட்டுத் தலைகளைப் பார்த்து இடத்துக்கு ‘கப்போ டி போவே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாட்டுத் தலை என்று அர்த்தம்.

இன்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். தடித்த சுவருக்கு நடுவே, கிணற்றுக்குள் நிற்பது போன்ற உயரமான அறை. கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வட்டமாக ஒரு துண்டு வானம் தெரிகிறது.